கிளாக்கரின் மகள்

என் அப்பாவிடம் பதினொரு மாடுகளும் பதினைந்து பரப்பு வெங்காயத் தோட்டமும் இருந்தன. இந்த ஒரு வசனத்தை என் மகளிடம் சொல்ல எனக்கு முப்பத்திரண்டு வருடம் பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் நான் விடியமுன் எழும்பிப் பால் கறந்து, சாணி அள்ளி, பிறகு குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் நகத்துக்குள் இருக்கும் பச்சை போகாது. ஒருநாள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, நாறுது" என்று தள்ளி இருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. மாடு இல்லாத இடத்தில்தான் வாழ்வேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். மாதா கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுவிட்டார். டென்மார்க்கில், கோல்டிங் நகரத்து மூன்றாம் மாடி வீடொன்றில் கொண்டுவந்து விட்டார்.

வந்த முதல் குளிர்காலத்தில், மாதா கோயிலில் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தமிழ்ப் பெண்கள் ஆளுக்கு ஆள் தங்கள் தகப்பன்மாரின் உத்தியோகத்தைச் சொன்னார்கள். ஒருத்தியின் அப்பா தபால் அதிபர், இன்னொருத்தியின் அப்பா தலைமை ஆசிரியர். என் முறை வந்தது. "கச்சேரியில கிளாக்கர்" என்றேன். கச்சேரி என்கிற அந்த அரசாங்க அலுவலகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காத அப்பாவை, ஒரு மிடறு தேநீர் இறங்கும் நேரத்தில் எழுத்தர் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டேன். பக்கத்து ஊர்க்காரரான என் கணவருக்குப் புரையேறியது. வீட்டுக்கு வந்து, "உங்கட அப்பாவுக்கு எப்ப பிரமோஷன் கிடைச்சது?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மற்றப் பெண்கள் தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் வேலைக்குப் போனார்கள். நான் வீட்டோடு இருந்தேன். மகள் பிறந்த பிறகு அவள்தான் என் வேலை. கறுத்த பாணில் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பனியில் நீச்சலுக்குக் கூட்டிப்போய், அவள் கதவடியில் கழற்றி எறிந்த மழைக்காலணியைக் கழுவி வைத்து நாட்களை ஓட்டினேன். அவளும் கிளாக்கரின் பேத்தியாகவே வளர்ந்தாள்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நின்ற மாடுகளை வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்வெளிக்குத் திறந்து விடுவார்கள். கிழட்டு மாடுகள்கூடத் துள்ளிக் குதிக்கும். சனங்கள் திருவிழாவுக்கு வருவதுபோல் குடும்பமாக வந்து பார்ப்பார்கள். மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளுடைய வகுப்புப் பிள்ளைகளோடு நாங்கள் பெற்றோரும் போனோம். மாடுகள் துள்ளியபோது அவளும் துள்ளினாள். பிறகு கன்றுகள் நின்ற பக்கம் ஓடிப்போய் அங்கிருந்து கத்தினாள்.

"அம்மா, வாங்கோ! என்ர விரலைச் சூப்புது! நீங்களும் குடுத்துப் பாருங்கோ!"

மற்றத் தாய்மார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "சீ, நாறுது. போய்க் கையைக் கழுவு" என்றேன். வகுப்பில் என்னை ஒதுக்கியவளின் அதே சொல், அதே குரல். பிள்ளை தன் கையை மோந்து பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பேருந்தில் வீடு வரும்வரை அந்தக் கையை ஜாக்கெட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் ஒரு கிழமை எங்காவது வேலை பழகப் போக வேண்டும். பிராக்டிக் என்பார்கள். அவள் மாட்டுப் பண்ணைக்குப் போகக் கேட்டாள். நான் பல் வைத்தியரிடம் அனுப்பினேன். அடுத்த வருடம் விவசாயப் பாடசாலையில் சேரப்போவதாகச் சொன்னாள். அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இது நல்ல படிப்பு, உங்கள் மகளுக்கு இதில் உண்மையான விருப்பம் இருக்கிறது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் மகளிடம் பாய்ந்தேன்.

"நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது நீ சாணி அள்ளவோ? எங்கட பரம்பரையில ஒருத்தரும் மாட்டுக்குப் பின்னால போகேல்லை!"

அவள் வாதாடவில்லை. "ஓகே" என்றாள். அந்த ஓகேயை நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். "பிள்ளையிட்ட உண்மையைச் சொல்லுமன்" என்று கணவர் சொன்னார். "நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருங்கோ" என்று அவரையும் அடக்கினேன். அடக்குவதில் எனக்கு நல்ல கெட்டித்தனம்.

இப்போது அவள் பக்கத்து நகரமான வைலேயில் ஒரு சரக்குக் கம்பனியில், எந்த லொறி எந்த நேரத்தில் எங்கே போக வேண்டும் என்று கணினியில் பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறாள். கோயிலில் இதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத ஞாயிறு இல்லை. ஆனால் வசந்தம் வந்தால் அவள் தகப்பனைக் கூட்டிக்கொண்டு மாடு துள்ளுவதைப் பார்க்கப் போய்விடுவாள். என்னைக் கேட்க மாட்டாள். இந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. "நீங்கள் வாறீங்களோ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். ஏனோ ஓம் என்று விட்டேன்.

மாடுகள் துள்ளி முடிந்து சனம் கலைந்த பிறகு கன்றுக் கொட்டில் பக்கம் போனோம். பண்ணைக்காரி ஒரு சின்னக் கன்றை வாளியில் பால் குடிக்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அது தலையை உதறி வாளியைத் தட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. கம்பி இடைவெளியால் உள்ளே போய், வாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இரண்டு விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாய்க்குள் கொடுத்தேன். அது சூப்பத் தொடங்கியதும் கையை மெல்ல மெல்ல வாளிக்குள் இறக்கினேன். கன்று பாலை உறிஞ்சிக் குடித்தது. தாய் செத்த கன்றுக்கு அப்பா சொல்லித் தந்த முறை. நாற்பது வருடமாகத் தொடாத வேலையை விரல் மறக்கவில்லை.

எங்கே பழகினீர்கள் என்று பண்ணைக்காரி கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில், "அப்பா. பதினொரு மாடு" என்றேன். சொன்ன பிறகுதான் மகள் பின்னால் நிற்பது நினைவுக்கு வந்தது.

காரில் ஏறியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். அன்று தமிழில் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மப்பா கிளாக்கர் இல்லையோ?"

"இல்லை. வெங்காயத் தோட்டம் செய்தவர். மாடு வைச்சிருந்தவர்."

"நீங்களும் பால் கறந்தனீங்களோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"எனக்கு இந்த விருப்பம் எங்கையிருந்து வந்தது எண்டு எத்தினை வருசம் யோசிச்சனான் தெரியுமோ அம்மா? எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் ஏன் எண்டு. எனக்குத்தான் ஏதோ பிழை எண்டு நினைச்சன்."

வெட்கத்தில் செய்தேன் என்றேன். என்னை மன்னித்துக்கொள் என்றேன். இந்த நாட்டில் நாற்பது வயதிலும் படிக்கிறார்களே, இப்போதும் போகலாம்தானே என்று உளறினேன். "ஓம் அம்மா" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. வீட்டுக் கடனும் இரண்டு வயதுப் பிள்ளையும் உள்ளவள் வேறு என்ன சொல்வாள்? அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊருக்குள் நுழையும் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. பால் காய்ந்து பிசுபிசுத்த என் கையை நான் மடிக்குள் மறைத்து வைத்திருந்தேன். அவள் அதை இழுத்து எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நாறேல்லை அம்மா" என்றாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.