சங்கத்து மரம் கிருஷ்ணப்பன்

கோட்டைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் பத்திரமாக மாட்டிய பிறகுதான் கிருஷ்ணப்பன் சுண்ணாம்பு டப்பாவைத் திறப்பார். கோட்டின் மேல் ஒரு பொட்டுக்கூடப் பட்டுவிடக் கூடாது. அப்புறம் பூச்சு மட்டையை முக்கிப் புளியமரத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே ஒரு காவிப் பட்டை. பூசி முடித்து நாலடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ம், இனிமே இது காலேஜ் மரமுங்க" என்று மரத்துக்குச் சொந்தக்காரரிடம் சொல்வார். சொந்தக்காரர் சிரிப்பார். சிரிக்கிறவர் அநேகமாக ஒரு பி.ஏ.வாகவோ பி.எல்.லாகவோ இருப்பார்.

சென்னைப் பட்டணத்துக் காலேஜ்களில் படித்துவிட்டுத் திரும்பியவர்கள் தருமபுரியில் ஒரு பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிறார்கள். வருஷம் ஒரு தரம் கூடி, போட்டோ எடுத்துக்கொண்டு, இங்கிலீஷில் நாலு பிரசங்கம் செய்து, வடை தின்று கலைவதுதான் நெடுநாளாக அதன் வேலை. ஏழைப் பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைப்பது என்று சங்கத்து விதிகளில் முதல் விதியாகவே எழுதியிருக்கிறது. எழுதினவர்களுக்கு அது மறந்து போயிற்று. கிருஷ்ணப்பன் காரியதரிசியாக வந்து, அதைப் போய் நிஜமென்று எடுத்துக்கொண்டார்.

அவர் பி.ஏ. இல்லை. இண்டர்மீடியட்டில் தர்க்க சாஸ்திரம் அவரை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. ஒரு வருஷம் காலேஜில் இருந்திருந்தாலே சங்கத்தில் சேரலாம்; வேறு யாரும் காரியதரிசி வேலைக்கு முன்வரவில்லை. காலேஜ் அவருக்குக் கொடுத்தது, கால்பந்து கோஷ்டியில் ஆடியதற்காக ஒரு நீலக் கோட்டு. வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டுதான் புளி மண்டிக்குப் போவார், புளித் தரகு பேசுவார். சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். யாராவது அதன் மேல் கை வைத்தால் முகம் சுண்டிப் போகும்.

மரம் கேட்கும் யோசனை புளித் தரகருக்குத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிராது. "காசு கேட்டா எல்லாரும் அடுத்த கூட்டத்துல பாக்கலாம்பாங்க. மரம் கேட்டா சிரிச்சிக்கிட்டே குடுத்துருவாங்க. மரத்துக்கு வாயில்லீங்களா, சொன்ன சொல்லு மாறாது" என்பார். ஒவ்வோர் உறுப்பினரும் தம் நிலத்தில் ஒரு மரத்தைச் சங்கத்துக்கு விட வேண்டும். அதன் காய் ஒரு மாணவரின் படிப்புக்கு. வெறும் வெள்ளைப் பட்டை அடித்தால், சாலை ஓரத்துச் சர்க்கார் மரம் என்று நினைத்துக் குத்தகைக்காரன் உலுக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்காகத்தான் கூடவே ஒரு காவிப் பட்டையும் அடித்தார். அந்தக் காவிதான் வம்பாய் முடிந்தது.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சங்கத் தலைவர் வக்கீல் ராஜப்பனுக்குத் தோப்பு இருக்கிறது. தலைவராயிற்றே என்று நாலைந்து மரமாக விட்டுக் கொடுத்திருந்தார். அந்த மரங்களை நம்பித்தான் பாஞ்சாலியைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். தகப்பனில்லாத பெண், தாய் செல்லம்மாள் கூலிக்குக் களை வெட்டுகிறவள். பெண் இண்டர் இரண்டாம் வருஷம். பங்குனி பிறப்பதற்குள் விடுதிப் பணம் வந்து சேராவிட்டால் பரீட்சையில் உட்கார முடியாது என்று காலேஜிலிருந்து சொல்லிவிட்டார்கள். அது 1940, மாசி மாதம்.

காய் உலுக்க ஆள் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போன கிருஷ்ணப்பன் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் மஞ்சள் பூசிய கல். நட்டு வைத்த வேல், அதன் முனையில் எலுமிச்சம் பழம். ஐப்பசியில் அவர் பட்டை அடித்துவிட்டுப் போன வாரமே வறண்டு கிடந்த அந்தப் பக்கம் மழை கொட்டியிருக்கிறது. கோயில் சுவர் போல வெள்ளையும் காவியுமாக மரம் நிற்பதைப் பார்த்த ஊர், முனியப்பன் வந்து இறங்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டது.

"சாமி மரமுங்க. உத்தரவில்லாம ஏறுனா ரத்தம் கக்கிருவோம்" என்றார் பூசாரி மாது. கூட்டி வந்த ஆட்கள் துரட்டியைக் கீழே போட்டார்கள்.

செய்தி கேட்டு வக்கீல் ராஜப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "படிச்சவங்க சங்கம் வெச்சி ஒரு முனியப்பனை உண்டு பண்ணியிருக்கோம்! விடுய்யா, அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார். அடுத்த வருஷம் என்று ஒன்று செல்லம்மாள் வீட்டில் கிடையாது. பரீட்சை எழுதாமல் திரும்பி வந்தால் பெண்ணைக் கட்டிக்கொண்டு போக ஒரு மாமன் மகன் தயாராக இருந்தான். செல்லம்மாள் மண்டிக்கே வந்து நின்றாள். "அண்ணா, வூட்டுக்குப் பின்னால ஒரு புளியமரம் நிக்குதுங்க. வெட்டி வெறகுக்குக் குடுத்துருலாமாங்க?"

"அது நிக்கட்டும்மா. முனியப்பனையே கேட்டுப் பாத்துருலாம்" என்றார் கிருஷ்ணப்பன்.

கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் வழி இருக்கிறது. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. ஊர் ஒத்துக்கொண்டது. பொட்டலம் மடிக்கும் போது வக்கீல் காதோடு சொன்னார்: "ரெண்டுலயும் வெள்ளையே வெய்யி."

"பரீட்சையிலயே காப்பியடிக்காதவனுங்க நான். அதனாலதான பெயிலு" என்று சொல்லிக் கிருஷ்ணப்பன் ஒன்றில் சிவப்பையே வைத்து மடித்தார். கல்லுக்கு முன்னால் செல்லம்மாள் கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். தத்தித் தத்தி வந்த குழந்தை ஒரு பொட்டலத்தைத் தொட்டது, விட்டது, மற்றதை எடுத்து வாயில் வைக்கப் போனது. மாது பிடுங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

குலவைச் சத்தம் தோப்பைத் தூக்கியது. உத்தரவு கிடைத்த பிறகு ஆட்களைக் கேட்க வேண்டுமா? போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். காய் மழையாகக் கொட்டியது. கூட்டத்தில் ஒரு கிழவர், சாமி புளியைச் சந்தைக்கு அனுப்பினால் ஊருக்கு ஆகாது, இங்கேயே ஏலம் விடுங்கள் என்றார். கிருஷ்ணப்பன் வரப்பின் மேல் ஏறி நின்று ஏலம் விட்டார். முனியப்பன் புளி வீட்டுப் பானையில் ஒரு கைப்பிடியாவது கிடக்க வேண்டுமென்று பெண்கள் புருஷன்மாரைப் பிடித்துத் தள்ளினார்கள். சந்தை விலையைப் போல் இரண்டு பங்குக்குக் கூடைகள் போயின. வக்கீல் வீட்டு அம்மாளும் ஆள் விட்டிருந்தார். "எம் மரத்துப் புளிய நானே ஏலம் எடுக்கறேன், பாத்தியா!" என்று ராஜப்பன் தலையில் அடித்துக்கொண்டே கடைசிக் கூடைக்கு விலை ஏற்றினார். மறுநாள் தந்தி மணியார்டர் போயிற்று. பாஞ்சாலி பரீட்சை எழுதினாள். முதல் வகுப்பில் தேறினாள்.

உத்தரவு கிடைத்த அன்றைக்கு ஊரே மரத்தடியில் விழுந்து கும்பிட்டது. மாது கிருஷ்ணப்பனையும் கூப்பிட்டார். "நானே பூசுன சுண்ணாம்புக்கு நானே கும்பிடு போடறதாங்க? போங்க மாது" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அரூர் வரைக்கும் மரங்கள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் புளியில் படித்தவர்களில் ஒருவர் இஞ்சினீயர், ஒருவர் டாக்டருக்குப் படிக்கிறார். மரத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர் ஒரு நாளும் கையெடுத்ததில்லை.

பாஞ்சாலி இப்போது பி.ஏ., எல்.டி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. சங்கத்தில் சேர்ந்த முதல் பெண். போன மாதம், தன் பங்கு மரத்தை விடக் கிருஷ்ணப்பனை வீட்டுக்கு அழைத்திருந்தாள். அவரும் சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் அந்த ஒற்றைப் புளியமரம், அன்றைக்கு விறகுக்குப் போகாமல் தப்பியது, கிளை நிறையக் காயோடு நின்றது.

வழக்கம் போலக் கோட்டில் கை வைத்தார். "கழட்டாதீங்க மாமா. இன்னைக்கு வேல எனக்கு" என்று பாஞ்சாலி மட்டையை வாங்கிக்கொண்டாள். வெள்ளை ஒரு சுற்று, காவி ஒரு சுற்று. பட்டை கோணிக்கொண்டு போயிற்று. சுண்ணாம்பு வழிந்து முழங்கை வரை இறங்கியது.

"கோணலா இருக்குதுங்களா மாமா?"

கிருஷ்ணப்பன் கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அந்த மரத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.