குமிழி அடங்கும்வரை

என் தம்பிக்குச் செங்கல்பட்டில் கதிர்வீச்சு வைத்தியம் நடந்தபோது தினமும் பார்த்த மனிதர் அவர். நெம்மேலிக்காரர். கட்டம்போட்ட சட்டை, காதோரம் நரை, கையில் எப்போதும் ஒரு பேட்டரி பாட்டில். பொத்தானை அமுக்கினால் தண்ணீருக்குள் ஹைட்ரஜன் பொடிப்பொடிக் குமிழிகளாகக் கிளம்பும். தொண்டைப் புற்றுநோய்க்காக உள்ளே படுத்திருக்கும் மனைவிக்கு, கதிர்வீச்சால் வந்த தொண்டைப் புண் ஆறுவதற்காக அது. கதிர்வீச்சு அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் அமுக்குவார். முன்னாலேயே அமுக்கினால் அந்தக் காற்று பறந்துவிடுமாம்.

“இத்தால புண்ணு ஆறுதா, அண்ணாத்த?” என்றேன் ஒரு நாள்.

“ஆராய்ச்சி நடந்துகினு கீது, அத்த நம்பி உக்காராதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. குடிச்சா குடிக்கட்டும்னாரு.” சிரித்தார். “எங்க ஊர்ல கடல் தண்ணியவே நல்ல தண்ணியா மாத்தறாங்க. இது மட்டும் நடக்காதா? உள்ள அவளுக்குக் கரண்டு வெக்கறது டாக்டருங்க. நான் இன்னாதான் பண்றது, சொல்லு?”

அவர் மனைவி ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்து முடிப்பார். ஐந்தாவது வாரம் ஒரு நாள் வெளியே வந்தவர், பாட்டிலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“வேணாம்யா. முழுங்க முடியல. இத்தினி நாளும் உனக்காவத்தான் குடிச்சேன்.”

நெம்மேலிக்காரர் வற்புறுத்தவில்லை. கீழே ஊற்றவும் இல்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் குமிழி அடங்கும்வரை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூட்ச்சி” என்றார்.