மகளோடு பிரசவ வகுப்புக்குப் போனேன்

பணம் இரண்டு பேருக்குக் கட்டியாகிவிட்டது. திருப்பித் தர மாட்டார்கள். அதனால்தான் போனேன். மற்ற காரணங்களை எல்லாம் பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டேன்.

என் மகளுக்கு முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்து எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர். பிரசவத்துக்கு முன்பே இறங்கிவிடுவதாக இருந்தவர், மாற்றாள் வராததால் கடலிலேயே மாட்டிக்கொண்டார். வர முடியாத குறைக்கு, அங்கிருந்தபடியே ராயபுரத்தில் ஒரு பிரசவப் பயிற்சி வகுப்பைத் தேடிப் பிடித்து, ஆறு சனிக்கிழமைகளுக்குத் தம்பதி கட்டணம் ஆறாயிரம் ரூபாய் கட்டிவிட்டார். தம்பதியில் ஒருவர் நடுக்கடலில் இருப்பது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் கட்டினாரா, எனக்குத் தெரியாது.

மகளின் பயம் ஒன்றே ஒன்று. அவள் வேலை பார்க்கும் கன்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் ஒரு பெண், பிரசவ அறையில் தான் தனியாகக் கிடந்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை, மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டே வலியைத் தாங்கினேன் என்று. அதிலிருந்து இவள் வலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. "உள்ள நான் தனியா இருக்கணுமா நைனா?" என்பதுதான் கேள்வி. ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறாள் என்று எண்ணினேன். ஏழு. மறுநாள் ஒன்பது.

எண்ணுவது என் தொழிலாக இருந்தது. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிக் குறிப்பவன். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. எண்ணினால் மனம் ஒரு இடத்தில் உட்காரும். இந்த விஷயத்தில் மட்டும் எவ்வளவு எண்ணியும் உட்காரவில்லை.

வகுப்புக்கு என் மனைவி போவதுதான் முறை. கேட்டேன்.

"மூணு பெத்தவளுக்கு க்ளாஸா? நான் போனா அந்த டீச்சருக்கு நான்தான் பாடம் எடுக்கணும். துட்டு குடுத்து மூச்சு வுட கத்துக்கறாங்களாம். பேஜாரு புடிச்சவங்க. நீயே போய் குந்து."

ராயபுரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, முதல் மாடியில் ஏசி போட்ட கூடம். ஆறு பாய்கள், ஆறு பெரிய ரப்பர் பந்துகள், ஆறு கர்ப்பிணிகள், ஐந்து கணவர்கள், நான். பயிற்சி தந்த அம்மா நகரத்தின் தெற்குக் கோடியிலிருந்து வருபவர். என்னைக் கண்டதும் அன்பாகச் சொன்னார்:

"அப்பா, நீங்க கீழ வெயிட் பண்ணலாம். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இவருதான் மேடம் என் பார்ட்னர்," என்றாள் மகள்.

வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு கணவர், ரயில்வேக்காரர், தன் பாயை நகர்த்தி இடம் விட்டார். "வா தலீவா. நம்ம டீம்ல சீனியர் பிளேயர் இல்லாம இருந்துச்சு."

முதல் வகுப்பு மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து இருபது நிமிடம் செய்ய வேண்டும் என்றார். நான் கையைத் தூக்கினேன். எங்கள் பகுதியில் சில நாள் காலையில் ஜன்னலை மூடிவைத்துக்கொள்வோம், அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஏன் மூடணும்?"

"கம்பெனிங்க பக்கமிருந்து நாற்றம் வரும். சில நாள் கண் எரியும்."

"மேடம், அங்க காத்து ஜன்னலாண்ட நின்னு பர்மிஷன்லாம் கேக்காது," என்றார் ரயில்வேக்காரர். "தள்ளிகினு உள்ளாற வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், "அப்படின்னா பக்கத்துல ஏதாவது பார்க்குக்குப் போய் செய்யுங்க," என்றார். பார்க்குக்கு மட்டும் வேறு காற்றா வருகிறது என்று கேட்க நினைத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த வாரமே அப்படி ஒரு காலை வந்தது. துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, மூடிய அறையில், இவள் நான்கு எண்ணி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். ஆழமாக இழுப்பது குழந்தைக்கு நல்லது என்று ஒரு பக்கம் படித்துவிட்டோம். இந்தக் காற்றை ஆழமாக இழுப்பது நல்லதா? அரைகுறையாக மூச்சு விடு என்று சொன்னேன். முறைத்தாள். மாநகராட்சி சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய்க் கேட்டேன். அங்கே காசு கட்ட வேண்டாம். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர்.

"மூச்சு வுடாம இருக்க முடியுமா தாத்தா? பாப்பா இரும்பு மாத்திரை ஒழுங்கா போடுதா? அத மொதல்ல சொல்லு."

போடுகிறாள் என்றேன். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இலவசமாகச் சொன்ன ஒரு வரி, கட்டணம் கட்டிக் கேட்ட இரண்டு மணி நேரத்தைவிட எனக்குத் தெம்பு கொடுத்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் கேட்ட கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

மூன்றாவது வகுப்பில் திரையில் படங்கள் போட்டார்கள். தொப்புள்கொடி சுற்றிக்கொள்வது, குழந்தை குறுக்கே திரும்பிவிடுவது, ரத்தப்போக்கு, ஆயுதம் போட்டு எடுப்பது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன், எண்ணினேன். பதினொன்று. ஒரு பயத்தோடு உள்ளே போனவள் பன்னிரண்டு பயத்தோடு மாடிப்படி இறங்கினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவது வாரம் அந்த அம்மாவிடம் தனியாகச் சொன்னேன்.

"தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும்பா," என்றார்.

எனக்குப் பயமே தெரிந்துகொண்ட பிறகுதான் வந்தது. ஆனால் விசித்திரம், மகள் அடுத்த சில நாளிலேயே, ஆயுதம் போட்டால் குழந்தையின் தலையில் வரும் வீக்கம் எப்படித் தானாக வற்றும் என்று தன் அம்மாவுக்கு நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தாள். மற்ற பதினொன்றும் எங்கோ போய்விட்டன போலிருந்தது. பழைய ஒன்று மட்டும் போகவில்லை.

நான்காவது வகுப்பில்தான் சங்கடம். வலி வரும்போது துணைக்கு இருப்பவர் பின்னால் உட்கார்ந்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திக் கொடுக்க வேண்டும். கணவர்கள் ஐந்து பேரும் அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் வயதுக்கு வந்ததிலிருந்து நான் அவளைத் தொட்டது, காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைத்ததோடு சரி.

"அமுக்கு நைனா. நான் ஒண்ணும் ஒடஞ்சிட மாட்டேன்."

அழுத்தினேன்.

"இன்னும் கீழ. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

"சூப்பர் அப்பா!" என்றார் அந்த அம்மா. எழுபது வயதில் வகுப்பில் நல்ல பெயர் எடுத்ததில் அசட்டுத்தனமான சந்தோஷம். வீடு திரும்பும் வழியில் மகள் ஆட்டோவில் தூங்கிவிட்டாள். அன்று முழுவதும் அந்தக் கேள்வியை அவள் ஒரு முறையும் கேட்கவில்லை. ஆறாயிரம் போனால் போகிறது என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு ஒரு வாரம்தான் நின்றது. ஐந்தாவது வகுப்பில் ஒவ்வொருவரும் எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்கள் தனியார். நாங்கள் அரசு மருத்துவமனை என்றோம்.

"அங்க நல்லா பார்ப்பாங்க," என்றார் அந்த அம்மா. "கூட இருக்க ஒருத்தரையும் உள்ள விடுவாங்க. ஆனா..." என்று என்னைப் பார்த்தார். "லேடீஸைத்தான்பா விடுவாங்க."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே அறையில் பல பெண்கள் இருக்கும் இடத்தில் என்னைப் போல ஒரு கிழவனை எப்படி விடுவார்கள்? ஒரு நிமிடம் யோசித்தால் புரிந்திருக்கும். வகுப்பில் பந்து எத்தனை, பாய் எத்தனை என்று எண்ணியவனுக்கு அது தோன்றவில்லை. மகளுக்கும் தோன்றவில்லை. கப்பலிலிருந்து பணம் கட்டியவருக்கும் தோன்றவில்லை.

"அப்போ தலீவரு இத்தினி நாளு படிச்சது?" என்றார் ரயில்வேக்காரர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, நீ அம்மாக்கு சொல்லிக் குடுத்துடு."

சொல்லிக் கொடுத்தேன், அல்லது கொடுக்கப் பார்த்தேன். மனைவி சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். நான்கு உள்ளே, ஆறு வெளியே என்றேன்.

"நான் பெத்தப்போ எவன்யா எண்ணினான்? ஆயா தொடையில ஒண்ணு வெச்சா. பையன் வந்துட்டான்."

"அவளுக்குத் தனியா இருக்கத்தான் பயம்."

"நான் இருக்கறப்போ அவ எப்டியா தனி? நான் இன்னா செவுரா?"

இடுப்பில் அழுத்தும் இடத்தைக் காட்டலாம் என்று கையை நீட்டினேன்.

"யோவ்! இன்னாயா இது, வயசு காலத்துல? ஜன்னல் தொறந்து கீது!"

தலையணையை எடுத்துவந்து அதில் அழுத்திக் காட்டினேன். அவள் திரும்பவே இல்லை. மீனைத்தான் திருப்பிப் போட்டாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மூன்று முறை சொன்னேன்.

ஆறாவது வகுப்புக்கு முன்பே, வியாழக்கிழமை காலையில் வலி வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஆன பிறகு கிளம்பினால் போதும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதை அந்தக் கணக்கில் சேர்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். கையில் கடிகாரத்தோடு நின்றேன். பதினெட்டு நிமிடம். பதினான்கு நிமிடம்.

"கடியாரம் புள்ள பெத்துக் குடுக்குமா? ஆட்டோவ கூப்டு," என்றாள் மனைவி.

பிரசவ வார்டு வாசலில் பையை வாங்கிக்கொண்டு அவளும் மகளோடு உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் நான் சொன்னேன்: "நாலு உள்ள, ஆறு வெளிய. மறந்துடாத."

"நீ மொதல்ல மூச்சு வுடு," என்றாள்.

வெளியே ஆண்களுக்கான பெஞ்சில் ஒன்பது பேர். நான் நான்கு இழுத்து ஆறு விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கற்ற வித்தையை எல்லாம் எனக்கே செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

வகுப்பு பயன்பட்டதா என்று அதன் பிறகு விசாரித்தேன். மனைவி சொன்னது: "க்ளாஸாவது ஒண்ணாவது. கத்துனா. ஒன்ன திட்னா, மாப்பிள்ளய திட்னா, கப்பல திட்னா. பெத்தா."

மகள் சொன்னது வேறு: "அம்மா பின்னாடியே இருந்து அமுக்கினாங்க நைனா. நீ அமுக்கின எடத்துலயே. அப்பால ஜெபமாலைய எடுத்து, மணிக்கு ஒண்ணா ஜெபம் சொன்னாங்க. பாதி ஜெபத்துக்கு உள்ள இழுப்பேன், மீதி பாதிக்கு வெளிய விடுவேன்."

மனைவியிடம் போனேன். தலையணையில் காட்டியதைப் பார்த்துத்தானே அழுத்தினாய் என்றேன்.

"இடுப்பு வலிச்சா இடுப்பத்தான் அமுக்குவாங்க. காதையா அமுக்குவாங்க?"

சரி, ஜெபத்துக்கு மூச்சு விடலாம் என்று யார் சொன்னது? இவளா, மகளா, இரண்டு பேருக்கும் தானாக வந்ததா? இவளுடைய ஒரு ஜெபம், நான்கும் ஆறும் சேர்ந்த பத்து எண்ணிக்கைக்குள் முடிகிறதா என்று பார்க்க, அன்றிரவு ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். "ஜெபத்துக்கு டைம் பாக்கறியா பாவி மனுசா," என்று எழுந்துபோய்விட்டாள். அந்தக் கணக்கும் நின்றுபோனது.

பத்து நாள் கழித்து, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மகள் சுவரில் சாய்ந்திருந்தபோது, எனக்கு வேண்டியதை நேராகவே கேட்டேன்.

"உள்ள தனியா இருந்தியாம்மா?"

"கொஞ்ச நேரம் இருந்தேன் நைனா. தையல் போடறப்போ அம்மாவ வெளிய நிக்க சொல்லிட்டாங்க."

வகுப்பில் தையலைப் பற்றிச் சொன்னார்கள். துணைக்கு இருப்பவரை வெளியே அனுப்புவார்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை வாரமும் இவள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். சொல்லாதது நல்லதா?

"பயந்துட்டியா?"

"பயப்படலாம்னுதான் இருந்தேன்," என்று சிரித்தாள். "அந்தாண்ட மேசையில இது கத்திகினே இருந்துச்சு. நான் 'தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்'னு சொல்லிகினே இருந்தேன். தையல் எப்ப முடிஞ்சுதுன்னே தெரியல."

இதை வகுப்பின் பக்கம் சேர்ப்பதா, எதிர்ப்பக்கம் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். "நின்னுகினே இருக்காத நைனா, கொஞ்சம் புடி, நான் சாப்ட்டு வரேன்," என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தையை எப்படிப் பிடிப்பது என்பது நாங்கள் போகாமல் விட்ட ஆறாவது வகுப்பில் இருந்தது.