'கர்த்தருக்குள்' என்ற வார்த்தை

தம்பி இறந்த பன்னிரண்டாம் நாள் அப்பா ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார். முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அச்சடிக்கும் நினைவு அட்டைக்கான வாசகம். பிறந்த தேதி, இறந்த தேதி, நடுவில் 'மறைந்தார்'. எங்கள் ஆட்களில் யார் போனாலும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் போடுவார்கள். குடித்தே செத்த மாமாவுக்கும் அப்படித்தான் போட்டோம். அப்பா தன் மகனுக்கு அதைப் போடவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை என்று சொன்னால் பொய். எதுவுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் பல் தேய்த்தேனா என்பதைக்கூட பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

காரணம் தெரிந்ததுதான். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வருஷமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர்க்கன்கரணை வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேதபாடம் நடத்துகிறார். எந்த அதிகாரத்தில் ஆரம்பித்தாலும் முன்குறித்தலில் வந்து நிற்பார். யார் இரட்சிக்கப்படுவார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் முடிவுசெய்துவிட்டார், மனுஷன் விருப்பத்துக்கு அதில் இம்மியும் இடமில்லை என்பது அவர் கட்சி. பம்மலிலிருந்து இரண்டு வண்டி மாறி வரும் அத்தை எதிர்க்கட்சி. அவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி. "கையை நீட்டுறது அவரு, புடிக்கிறது நம்ம வேலைண்ணா" என்பாள். பஜ்ஜி ஆறிப்போகும். இரண்டு பேரும் விடமாட்டார்கள்.

அந்தச் சண்டையில் அதிகம் அடிபடும் வார்த்தை 'தெரிந்துகொள்ளுதல்'. வேதாகமத்தின் பழைய தமிழில் அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். தெருவில் இறங்கினால் வெறும் அறிந்துகொள்ளுதல். தம்பிக்கு ஏழு வயதில், தேவன் யாரைத் தெரிந்துகொண்டார் என்று அப்பா வகுப்பில் கேட்டார். "எல்லாரையும்தான் அவருக்குத் தெரியுமேப்பா" என்றான். ஹாலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, தப்பு என்று சொல்லித் திருத்தினார்.

பதினெட்டு வயதில் அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சண்டையெல்லாம் இல்லை. தான் வராததும் முன்குறித்ததுதானே, அப்புறம் எதற்குத் திட்டுகிறீர்கள் என்று அப்பாவைச் சீண்டிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்படியே நாற்பத்தொரு வயதாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது இறந்தான். பெருங்களத்தூர் வந்ததும் டிரைவர் தட்டி எழுப்பியிருக்கிறார். தூங்குகிறான் என்றுதான் பக்கத்து சீட்காரரும் நினைத்திருக்கிறார். நித்திரையடைந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இவனுக்குத்தான் அச்சு அசலாகப் பொருந்தும்.

அடக்கம் முடிந்து வந்ததும் ஹாலில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். குரல்தான் இறங்கியிருந்தது. கடைசி நிமிஷத்தில் மனசுக்குள் கூப்பிட்டிருப்பானோ என்று அத்தை அழுதாள். தெரிந்துகொள்ளப்பட்டவன் என்றால் வாழ்ந்த லட்சணத்திலேயே தெரிந்திருக்கும் என்றார் அப்பா. அப்பா கட்சியில் தேவன் அவனை எடுக்கவில்லை. அத்தை கட்சியில் அவன் தேவனைப் பிடிக்கவில்லை. எப்படிச் சுற்றி வந்தாலும் என் தம்பி வெளியேதான் நின்றான். எனக்கு இரண்டு பேர் மேலும் பற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காபி டம்ளர்களைக் கழுவி வைத்தேன்.

அப்பா கொடுத்த தாளையும் அப்படியே கொண்டுபோய் மேற்குத் தாம்பரத்தில் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அச்சகத்துக்காரர் கூப்பிட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கார்டு ரெடியா கீது. எப்பவும் போடற மாரி கர்த்தருக்குள்னு அட்ச்சிட்டேன், உங்க பேப்பர இப்பதான் பாத்தேன். மாத்தணுமா? கீழ ஒரு வசனத்துக்கும் எடம் கீது. எறந்துபோன சாருக்குப் புட்ச்ச வசனம் எதுனா சொல்லுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். வேதாகமம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வசனம் போகட்டும், அவனுக்குப் பிடித்தது வேறு எதையாவது, ஒரு பாட்டையோ ஒரு பலகாரத்தையோ தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் தேடினார்.

"அவனை நான் தெரிஞ்சுக்கவே இல்லம்மா" என்றார்.

முப்பத்தைந்து வருஷமாக அந்த வார்த்தையை ஒரே அர்த்தத்தில் சொல்லிவந்த வாய். இப்போது எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"உனக்காவது தெரியுமா?" என்றார்.

இதே வீட்டில் மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். அவனுக்கு மதியச் சாப்பாடு தினம் நான்தான் கட்டிக் கொடுத்தேன். டப்பா எப்போதும் காலியாகத்தான் திரும்பி வரும், எது வைத்தாலும். அவனுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. அவன் செத்த பிறகு எனக்கு முதல்முறையாக வலித்தது அப்போதுதான்.

"வசனம் வேணாம், காலியா விட்ருங்க. கர்த்தருக்குள் இருக்கட்டும், எடுக்காதீங்க" என்று போனில் சொன்னேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். போனை வைத்த பிறகு, நான் பாதியில் விட்ட வெங்காயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும்தான் அவருக்குத் தெரியுமேன்னான்ல, சின்னதுல" என்றார். "நான்தான் தப்புன்னு சொன்னேன்."