இருட்டிலும் நிற்காத வாசிப்பு

பெரியவனே, சின்னவளே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவளே, நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வந்திருந்தது. உன் பள்ளிச் சுவரில் அதைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவனின் பிள்ளைக்கும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிற நிரந்தர ஊழியரின் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். குருவியும் மழையும் வருகிற ஒரு பக்கத்தை நீ விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாய். அதிகாரிகள் வந்து வாசிக்கச் சொல்லப்போகிறார்கள் என்று பள்ளியில் தினமும் அதே பக்கம்தான். தடங்கலே இல்லை. திடீரென்று கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற அனல்மின் நிலையத்தின் பக்கத்திலேயே நம் தெரு இருண்டுவிடும். என் கை எனக்குத் தெரியவில்லை. உன் குரல் மட்டும் நிற்கவே இல்லை. அதே வேகம், அதே ஏற்ற இறக்கம்.

"இருட்டுல எப்படிம்மா படிக்கிற?"

"அவ எங்க படிக்கிறா, அப்பா? ரேடியோ மாதிரி ஓடிகினு இருக்கா," என்று பெரியவன் சிரித்தான்.

"போடா, எங்க மிஸ் எனக்கு வெரிகுட் சொன்னாங்க."

கரண்ட் வந்ததும் யானைப் படம் போட்ட வேறொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். உன் விரல் முதல் எழுத்திலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு யானையின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு குருவிக் கதையையே சொன்னாய்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

"மிஸ், பாப்பா எழுத்துக் கூட்டத் தெரியாம மனப்பாடமா சொல்லுதுங்க."

"தெரியுங்க," என்று உன் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பாதி கிளாஸ் அப்படித்தான். மூணு கிளாஸையும் நான் ஒருத்தியே பாக்குறேன். ஒவ்வொரு புள்ளைக்கும் அதோட வேகத்துல சொல்லிக்குடுன்னு மேல சொல்றாங்க. ஆனா இந்தப் பாடம் முடிஞ்சுதுன்னு போன்ல போட்டாத்தான் அடுத்த பாடம் தெறக்குது. நான் என்னங்க பண்றது?"

பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மத்தியானத்தில் ஓர் அக்கா வருவார். "அவங்க கிட்ட விடுங்க, தேறிடுவா," என்றார் டீச்சர். அந்த ஒரு நம்பிக்கையோடு திரும்பினேன்.

அதிகாரி வந்த அன்று லீவு போட்டுவிட்டு வராண்டாவில் நின்றேன். நீ எழுந்து கணீரென்று வாசித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் கைதட்ட முடியவில்லை.

"சார், வேற பக்கம் ஒண்ணு குடுத்துப் பாருங்க," என்றேன்.

"நல்லா படிக்கிற புள்ளைய ஏங்க பயமுறுத்துறீங்க? எங்களுக்கு வந்தது இந்தப் பக்கம்தான்."

அவர் போனைத் தொட்டார். உன் பெயருக்கு எதிரே, வாசிக்கத் தெரியும் என்று பச்சை விழுந்தது. அடுத்த பிள்ளைக்கும் பச்சை. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பரிசாகக் கிடைத்த பென்சிலைத் தூக்கிக் காட்டியபடி என்னிடம் ஓடி வந்தாய்.

அடுத்த வாரம் அந்த அக்கா வரவில்லை. டீச்சரிடம் கேட்டேன்.

"நம்ம ஸ்கூல்ல பின்தங்கினவங்க யாருமே இல்லன்னு வந்திருக்குங்க. அவங்கள வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க."

பச்சை விழுந்த பிறகு உன்னைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்காம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் இன்னும் பெரிதாக வரும். அவற்றின் முன்னால் நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது போலவே கண்ணில் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சமையலறை அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாக்களை இறக்கித் துடைத்தேன். உப்பு, புளி, ரவை, பருப்பு என்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதினேன். மை காய்ந்ததும், எழுத்தைப் படிக்காமல் இருக்கும் இடத்தை வைத்தே நீ சொல்லிவிடக் கூடாதென்று, எல்லா டப்பாக்களையும் இடம் மாற்றி அடுக்கினேன்.