அவர் சொன்னது ‘முயற்சி’

என் வாய்க்கு அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் எங்கள் ஒய்பி அரசியலே வேண்டாமென்று கம்பத்துக்குத் திரும்பியிருக்க மாட்டார்.

ஒய்பி என்றால் சட்டமன்ற உறுப்பினர், கம்பம் என்றால் கிராமம். இவர் பூர்வகுடி மனிதர். தம் கம்பத்தில் அவர்தான் பாத்தின், குடித்தலைவர். கல்யாணமோ எல்லைச் சண்டையோ, அவர் சொன்னால்தான் முடியும். கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்தியபோது பத்து பெரண்டாம் என்ற ஊரில் பார்த்த ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அவரிடம் கிராணியாக, எழுத்து வேலைக்கு, சேர்ந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தோட்டங்களுக்குப் போனால் அவருக்கு வாய் நான்தான். எதையும் பேசுமுன் ஒருமுறை தரையைப் பார்ப்பார். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது.

பிரச்சாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போனோம். தோட்டம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கைமாறிவிட்டது. லயத்துச் சனங்களுக்குப் போக்கிடம் இல்லை.

“லயத்த ஒடைக்காம காப்பாத்துவாரா?” என்று ஓர் அக்கா கேட்டார். அந்த லயத்திலேயே பிறந்து, மரம் சீவியே வயதானவர்; மலாய் தெரியாது.

ஒய்பி தரையைப் பார்த்தார். “சாயா சுபா,” என்றார். முயற்சி செய்கிறேன் என்று மலாயில் சொன்னார், அவ்வளவுதான்.

ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் யாராவது முயற்சி என்பார்களா? “கண்டிப்பா செஞ்சு தர்றேன்னு சொல்றாரு!” என்று நான் கத்தினேன். ஒரே கைதட்டல். அவரும் சிரித்தார், பாவம், எதற்கென்று தெரியாமல்.

ஜெயித்தார். அப்புறம் நாங்கள் ஏறாத ஆபிஸ் படி இல்லை. “அது தனியார் நெலம் லா, ஒய்பி,” என்றார்கள். கட்சியிலோ அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். ஒருநாள் காரில் சொன்னார்: “என் கம்பத்தில் நான் கையைத் தூக்கினால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். இங்கே தூக்கினால் டீ வேண்டுமா என்று கேட்கிறார்கள்.” நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

லயத்தை உடைக்கிற நாளும் வந்தது. வேண்டாம் ஒய்பி என்று கெஞ்சினேன், கேட்காமல் போனார். பாதி லயம் தரைமட்டம். சாமான்களுக்கு நடுவிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்தார்.

“செஞ்சு தர்றேன்னு சொன்னீங்களே! நம்பித்தானே ஓட்டுப் போட்டோம்!”

“என்ன சொல்கிறார்?” என்று ஒய்பி என்னைக் கேட்டார்.

எவ்வளவு நாள்தான் மறைப்பது? அக்கா சொன்னதையும் அன்று நான் மாற்றிச் சொன்னதையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தரையைப் பார்த்தார்.

“பாத்தினுக்காகப் பேசுகிறவர் சொன்னது பாத்தின் சொன்னதுதான். எங்கள் வழக்கம் அது,” என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி மலாயில் பேசினார். என்னைப் பார்த்து, “சொல்,” என்றார்.

“ஆமா, நான் வாக்குக் குடுத்தேன். என்னால காப்பாத்த முடியலன்னு சொல்றாரு.” இந்தத் தடவை ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தப்பு என்னுடையது என்று அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்கா அவர் காலடியில் காறித் துப்பினார். அவரை ஒட்டினாற்போல்தான் நான் நின்றிருந்தேன். என்மேல் ஒரு துளிகூடப் படவில்லை.