சஜிதா அக்கா வைத்த மீன் ஐஸ்

சஜிதா அக்கா காலையில் குழாயை மணிக்கட்டால் தள்ளித்தான் திறப்பார். விரல்கள் மடங்க ஒன்பது மணியாகும். பதினாறு வருடம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பின் தோலை உரித்தவர். மூட்டுகள் வீங்கி, கை வேகம் போதாமல் போனதும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது மார்த்தாண்டம் பக்கத்தில், நான் வேலை செய்யும் கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார்.

எங்கள் ஆய்வுக்கு ஒரு நொதி தேவைப்பட்டது. மனித மரபணுவைப் பூச்சியின் செல்லுக்குள் வைத்துத் தயாரிக்கும் கைனேஸ். வீங்கச் சொல்லும் செய்தியை உடம்பின் செல்லுக்குள் கடத்துவது அது. அதைத் தடுக்கும் மூலிகைச் சாறு உண்டா என்று பார்க்கவேண்டும். இது தன் விரலுக்கு மருந்தா என்று அக்கா ஒருநாள் கேட்டார். மருந்து தேட உதவும் பொருள் மட்டும்தான் என்றேன். அப்படியென்றால் தன் காலத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டுக் கழுவப் போனார்.

ஐந்து மாதம் காத்திருந்து, உறைநிலையிலேயே வைக்கவேண்டிய ஒரே ஒரு குப்பி வந்தது, ஒரு சனிக்கிழமை மதியம். நான் களியக்காவிளையில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் இருந்தேன். உறைபெட்டியின் சாவி என் பையில். கூரியர்க்காரர் அழைத்தபோது, அங்கே யார் இருந்தாலும் கொடுத்துவிடுங்கள் என்றேன். பிறகு அக்கா இரண்டுமுறை அழைத்தார். பார்த்தேன், எடுக்கவில்லை.

வழியிலேயே தாமதமாகியிருந்த பெட்டி அது. குளிருக்காக உள்ளே வைத்திருந்த உலர்பனி தீர்ந்திருந்தது. அது கரைந்தால் தண்ணீர்கூட மிஞ்சாது, புகையாகப் போய்விடும். திறந்து பார்த்த அக்கா, ஐஸ் வைக்கவே மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அவர் கணவர் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவந்து ஸ்கூட்டரில் விற்பவர். அவரை வரவழைத்து, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றிலும் மீன் ஐஸை நிறைத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஐஸ் மாற்றினார்.

திங்களன்று, ஆய்வை நடத்தும் பேராசிரியர் பெட்டியிலிருந்து ஒரு மீன் செதிலை எடுத்து மேசையில் வைத்தார். யார் வேலை என்று கேட்டார்.

"நான்தான் சார் வச்சேன். சாளை மீனுக்கு வைக்கிய மாதிரி."

என்னை இரண்டுமுறை அழைத்ததை அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாலையில் நொதியைச் சோதித்தேன். மூன்றில் ஒரு பங்கு வேலை செய்தது. இது போதாது, வேறு வாங்கவேண்டும் என்றார் பேராசிரியர். பதிவேட்டில் உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார். வேறு ஆள் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பேனாவை எடுத்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இந்த ஆய்வு உதவித்தொகை போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அக்கா என்ன செய்வார் என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அந்த வரிசை இன்னும் உறுத்துகிறது.

சாவி என்னிடம் இருந்ததையும், அழைப்பை எடுக்காததையும் எழுதினேன். பேராசிரியர் படித்தார். உதவியாளர் இருக்கட்டும், உன்னைப் பற்றி மாதக் கடைசியில் பேசலாம் என்றார்.

மறுநாள் காலை அக்கா குழாயடியில் நின்றார்.

"ஐஸு வச்சது தப்பா மக்கா?"

"இல்லக்கா. வைக்காம இருந்தா இதுவும் மிஞ்சியிருக்காது."

"பின்ன நீ போனை எடுத்திருக்கலாம்லா," என்றார். கோபமில்லை, களைப்புதான். மணிக்கட்டால் குழாயைத் தள்ளினார். அது அசையவில்லை. இன்னொருமுறை தள்ளினார்.